பெட்டியில் உள்ள பெயரை நம்பாதீர்கள்! லினக்ஸ் கணினி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு ‘தெரியுமா?’ மூட்டை

கணினிக்குள் இன்டெல் கம்பனியின் அடையாள அட்டை இலக்கம் என்ன தெரியுமா? 8086! 1978இல் வெளிவந்த அதன் புகழ்பெற்ற சிப்பின் பெயரையே தனக்கு இலக்கமாகப் பதிந்து வைத்திருக்கிறது. அதோடு விட்டதா? இல்லை. இன்டெல் புளூடூத் உள்ள லப்டொப்பைத் திறந்து யுஎஸ்பி பட்டியலைப் பாருங்கள், அங்கே 8087 என்று நிற்கும். 8086க்குக் கணக்குப் போட்டுக் கொடுக்க வந்த துணைச் சிப்பின் பெயர் அது! ஏஎம்டியின் கிராபிக்ஸ் சிப் இன்னும் விசேஷம். அதன் இலக்கம் 1002. அது ஏஎம்டியுடையதே அல்ல, 2006இல் ஏஎம்டி விலைக்கு வாங்கிய ஏடிஐ கம்பனியுடையது. கலியாணம் கட்டிப் போய் இவ்வளவு காலமாகியும் பிறந்த வீட்டுப் பெயரை விடாத பெண் மாதிரி அந்த இலக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், லினக்ஸ் ஒரு கணினியைப் பார்க்கும்போது மூடியில் மின்னுகிற பெயரைப் பார்ப்பதில்லை. உள்ளே ஒவ்வொரு சிப்பையும் ‘உன் இலக்கம் என்ன?’ என்றுதான் கேட்கிறது. தெரிந்த இலக்கமாக இருந்தால் டிரைவர் சிடியும் தேவையில்லை, தரவிறக்கமும் தேவையில்லை, அந்தக் கணமே வேலை தொடங்கிவிடும். லினக்ஸ் கேர்னலின் மூலநிரலில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான் என்பது தெரியுமா? கோடிக்கணக்கான வரிகள்! ஊரில் உள்ள எல்லாப் பூட்டுக்கும் சாவி செய்து இடுப்பில் கோத்துக்கொண்டு திரிகிற கிழவி போல.

பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்று உண்டு. டிபி-லிங்க்கின் டபிள்யூஎன்722என் என்ற சின்ன வைஃபை டொங்கிள். முதல் பதிப்பில் ஏதரோஸ் சிப். லினக்ஸில் குத்தினால் உடனே வேலை செய்யும். அந்தச் சிப்பின் உள்நிரலைக்கூடப் பிறகு திறந்து கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் பதிப்பில் சத்தமில்லாமல் ரியல்டெக் சிப்பை வைத்துவிட்டார்கள்! அதே பெயர், அதே அன்டெனா. லேபலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற ‘வி 2’ மட்டும் வித்தியாசம். இணையத்தில் யாரோ புகழ்ந்ததை நம்பி வாங்கியவர்கள் எத்தனை பேர் இராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்திருப்பார்கள்!

சரி, கடைக்குப் போவோம்.

எங்கள் ஊர் திருகோணமலைக்குப் பக்கத்துக் கப்பல்துறை. என் மருமகளுக்குக் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்தது. புது லப்டொப் வாங்குகிற நிலைமையா இது? 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் பாய்ந்த நாளிலிருந்து எங்களைப் போன்றவர்களுக்குப் பாவித்த லப்டொப்தான் லப்டொப். பஸ் ஏறி திருகோணமலை டவுனுக்குப் போனோம். சட்டைப் பையில் நான் கொண்டுபோன ஆயுதம் ஒரே ஒரு பென்ட்ரைவ். அதற்குள் முழு லினக்ஸ்!

ஹாட் டிஸ்க்கைத் தொடாமல், பென்ட்ரைவிலிருந்தே ஒரு கணினியை ஓட்டிப் பார்க்கலாம் என்பது தெரியுமா? 2000ஆம் ஆண்டில் கிளவுஸ் க்னோப்பர் என்ற ஜெர்மன்காரர் ‘க்னோப்பிக்ஸ்’ என்று ஒரு சிடியை வெளியிட்டு இந்த வித்தையைப் பிரபலமாக்கினார். உபுண்டுக்காரர்கள் 2005 முதல் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் இப்படியான சிடியைத் தபால் செலவும் தாங்களே போட்டு உலகம் முழுக்க அனுப்பினார்கள். கேட்டால் இப்போதைய பிள்ளைகள் நம்புவதில்லை.

கடைக்கார அண்ணன் நல்ல மனிதர். “இது ஒரு வருசம்தான் பாவிச்சது தம்பி, ஒஃபிஸ் மெஷின்” என்றார். பென்ட்ரைவைக் குத்தி, ‘ஸ்மார்ட்’ அறிக்கையைத் திறந்தேன். ஹாட் டிஸ்க் தான் எத்தனை மணித்தியாலம் ஓடினேன் என்று தானே கணக்கு வைத்திருக்கும், தெரியுமா? கார் மீற்றரைப் பின்னுக்குச் சுற்றுவதைப்போல் இதைச் சுற்றுவது லேசல்ல. 28,000 மணித்தியாலம் என்று காட்டியது! ஒரு நாளும் நிற்பாட்டாமல் ஓடியிருந்தாலும் 3 வருசம். ஒஃபிஸ் கணக்கில் நாளைக்கு 8 மணித்தியாலம் என்றால் ஒன்பதரை வருசம். அண்ணன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “டிஸ்க் மாத்திப் போட்டிருப்பாங்கள் போல” என்றார். பற்றரியைக் கேட்டேன். செய்தபோது 48 வாட் மணித்தியாலம், இப்போது நிறைகிறது 19. மருமகள் என் காதில், “மாமா, இது பற்றரியா, பேப்பர் வெயிட்டா?” என்றாள்.

அடுத்த லப்டொப். இந்தமுறை திரையே வரவில்லை. அண்ணன் மூடியைக் கழற்றி, ரம்மை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்து, ஊதிவிட்டு மாட்டினார். வந்துவிட்டது! கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றுக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை. ஆனால் தேய்த்ததால் பிழைத்ததா, உண்மையிலேயே ரம் நல்லதா என்று அறிய ‘மெம்டெஸ்ட்’ என்ற இலவச நிரலை ஒரு சுற்று ஓடவிட வேண்டும். ஓடவிட்டோம். ஒரு சுற்று முடிய இரண்டு பிளேன்டீ ஆனது. ஒரு சிவப்பு வரியும் இல்லை.

பிறகுதான் வெப்பம். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒவ்வொன்றிலும் சூடு வேறு என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிப்புக்குள்ளும் அதேதான்! இன்டெல் என்றால் ஒவ்வொரு கோருக்கும் தனி வெப்பமானி இருக்கிறது, லினக்ஸ் அத்தனையையும் வரிசையாகக் காட்டும். அவை கன்னாபின்னா என்று ஏறினால் உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், இல்லாவிட்டால் விசிறிக்குள் பஞ்சு அடைத்திருக்கும். இரண்டுமே ஒரு மணித்தியால வேலை, விலையைக் குறைக்க நல்ல காரணமும்கூட!

பழைய லப்டொப் என்று யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகான புரொசஸரும். 2017க்கு முந்திய நல்ல நல்ல மெஷின்கள் எல்லாம் ஒரே நாளில் ‘காலாவதி’! லினக்ஸுக்கு அவை இளம் கன்றுகள். சிப் ஒன்று சில வருசம் பழகினால் அதற்கான டிரைவரும் பழுத்திருக்கும். போன மாதம் சந்தைக்கு வந்த லப்டொப்பில்தான் ஒலி வராது, தூங்கப் போனால் எழும்பாது என்ற வில்லங்கமெல்லாம். என் தனிப்பட்ட கணக்கு: மூன்று முதல் ஆறு வயதுக்குள் உள்ள, கம்பனி ஒஃபிஸ்களுக்கென்று செய்த திங்க்பேட், லட்டிட்யூட் வகைகள் முதல் தெரிவு. ஆணி கழற்றலாம், பாகம் கிடைக்கும்.

இன்னொன்று கேளுங்கள்! செவ்வாய்க் கிரகத்தில் 2021 ஏப்ரல் 19ஆம் திகதி முதன்முதலாகப் பறந்த நாசாவின் இன்ஜெனுவிட்டி ஹெலிகொப்டருக்குள் ஓடியது லினக்ஸ். அதைத் தாங்கிய சிப் எது தெரியுமா? ஸ்னப்டிராகன் 801! 2014இல் கைத்தொலைபேசிகளில் இருந்த அதே சிப். பூமியில் நாங்கள் பழையது என்று லாச்சிக்குள் போட்டது, அங்கே 72 தடவை பறந்தது.

ஆனால் லினக்ஸ் யாரையும் காலம் முழுக்கத் தூக்கிச் சுமக்காது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் லினக்ஸை எழுதியது ஒரு 386 கணினியில். பிறந்த அந்த மடியையே 2012 டிசம்பரில் வெட்டிவிட முடிவெடுத்தார்கள். 3.8 கேர்னலோடு 386 ஆதரவு போயே போச்சு!

கிராபிக்ஸுக்கு வருவோம், இங்கேதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் டோர்வால்ட்ஸ் என்வீடியாவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியது நினைவிருக்கிறதா? பத்து வருசம் கழித்து, 2022 மே மாதம், என்வீடியா தன் கேர்னல் டிரைவரின் மூலநிரலைத் திறந்தது. ஆனால் அது 2018இல் வந்த டியூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும்தான். அதனால் பாவித்த மெஷினில் ‘என்வீடியா கார்ட் இருக்கு தம்பி’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அது எந்த வருசத்துக் கார்ட் என்று கேளுங்கள். படிக்கிற பிள்ளைக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸே தாராளம்.

இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். இன்றைய லப்டொப்பில், ஒப்பமில்லாத நிரலை உள்ளே விடாத செக்கியுவர் பூட் போட்டிருக்கும்போது லினக்ஸ் உள்ளே நுழைவது யாருடைய கையெழுத்தைக் காட்டி தெரியுமா? மைக்ரோசொஃப்டின் கையெழுத்தை! ‘ஷிம்’ என்ற குட்டி நிரலில் மைக்ரோசொஃப்ட் ஒப்பமிட்டுக் கொடுக்க, அதைப் பிடித்துக்கொண்டு லினக்ஸ் எழும்புகிறது. இன்னொரு வாசல் பூட்டும் உண்டு: சில லப்டொப்களில் எஸ்எஸ்டி ‘ஆர்எஸ்டி’ முறையில் இருக்கும். லினக்ஸ் நிறுவப்போனால் டிஸ்க்கே இல்லை என்று கை விரிக்கும். பயோஸில் அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் டிஸ்க் தானாகத் தலைகாட்டும். விண்டோஸையும் வைத்திருக்கப் போகிறவர்கள் மட்டும் முதலில் வழிமுறையை வாசித்துவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது எழும்ப மறுக்கும்.

பிரிண்டர்! ஐயோ, பிரிண்டர்! சுதந்திர மென்பொருள் இயக்கமே ஒரு பிரிண்டரில் காகிதம் சிக்கியதில்தான் தொடங்கியது என்றால் நம்புவீர்களா? 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வுகூடத்துக்கு ஸெரொக்ஸ் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அது அடிக்கடி சிக்கும். சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகிற மாதிரி நிரலைத் திருத்தலாம் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் நினைத்தார். மூலநிரல் இல்லை. வைத்திருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் கையை விரித்தார். அந்தக் கோபம் உள்ளே கனன்று, 1983 செப்டெம்பரில் குனு திட்ட அறிவிப்பாக வெளியே வந்தது!

எங்கள் கொமியூனிகேஷன் கடைகளில் அடையாள அட்டைப் பிரதி அடிக்கிற கெனன் எல்பிபி 2900 இருக்கிறதே, உழைப்பில் எருமை மாடு. ஆனால் அது பேசுவது ‘கேப்ட்’ என்ற சொந்தப் பாஷை, லினக்ஸில் அதை வழிக்குக் கொண்டுவரப் பொறுமை வேண்டும். புதிதாக வாங்குவதென்றால் பெட்டியில் ‘ஏர்பிரிண்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஐஃபோனுக்காக எழுதிய சொல் அது, ஆனால் லினக்ஸ்காரருக்குத்தான் கொண்டாட்டம். அந்தச் சொல் இருந்தால் பெரும்பாலும் டிரைவரே தேவையில்லை!

மற்றவை லேசு. ‘யுவிசி’ தரத்தில் இருந்தால் எந்த மலிவு வெப்கேமும் ஓடும். யுஎஸ்பி 3.0ஐ முதன்முதலில் ஆதரித்த இயங்குதளம் லினக்ஸ்தான் தெரியுமா? 2009இல், சேஜ் ஷார்ப் (அப்போது சாரா ஷார்ப்) எழுதிய டிரைவரோடு! தமிழ் விசைப்பலகைக்கும் தனிப் பெட்டி வாங்க வேண்டாம், இலங்கைத் தமிழ் அமைப்பு லினக்ஸ் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. விரல் ரேகை வாசிப்பான் மட்டும் குலுக்கல் சீட்டு. கடைசியில் மருமகளுக்கு வாங்கிவந்த லப்டொப்பிலும் அது விழவில்லை.

லினக்ஸ் என்றால் வெள்ளைக்காரர் விளையாட்டு என்று நினைக்கிறவர்களுக்கு: 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் கரைகளுக்குள் ஏறி வந்த சில நாட்களிலேயே, இலங்கையின் நிரலாளர்கள் ஒன்றுகூடி ‘சஹனா’ என்ற நிவாரண ஒழுங்கமைப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். காணாமல் போனவர் பட்டியல், முகாம்கள், உதவிப் பொருட்கள் எல்லாம் ஒரே இடத்தில். லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி மீது கட்டியது. முகாமில் இருப்பது எந்த ஓட்டைக் கணினியானாலும் ஒரு பிரவுசர் ஓடினால் போதும்! அடுத்த வருசம் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அது போனது. 2006இல் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குத்தான்.

கடைசியாக, என்னைத் தூங்கவிடாத ஒன்று. ஐரோப்பிய டிஜிட்டல் தொலைக்காட்சி பார்க்கவென்று செய்த மலிவான யுஎஸ்பி டொங்கிள்கள் சில, ரியல்டெக் ஆர்டிஎல்2832யூ சிப் போட்டவை. வைஃபையில் திட்டினேனே, அதே ரியல்டெக்! 2012இல் லினக்ஸ் டிரைவர் எழுதுகிற அன்ட்டி பலோசாரி என்பவர் அதைத் துருவும்போது ஒரு கதவு திறந்தது. அந்தச் சிப் தொலைக்காட்சி மட்டுமல்ல, காற்றில் வருகிற வானொலி அலையைக் கச்சாவாகவே கணினிக்குள் கொட்டும்! பெரிய கப்பல்கள் தங்கள் பெயர், வேகம், திசை எல்லாவற்றையும் 162 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே வரும். ஏஐஎஸ் என்பது அதற்குப் பெயர். ஒரு டொங்கிளும் ஒரு துண்டுக் கம்பியும் பழைய லினக்ஸ் லப்டொப்பும் இருந்தால், துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பலின் பெயர் வீட்டு மேசையில் எழுத்தாக வந்து விழும்.

செய்து பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் கடற்படைத் தளமும் விமானப்படை ஓடுபாதையும் சூழ்ந்த ஊரில் கூரையில் கம்பி ஏற்றிவிட்டு, “சும்மா கப்பல் பார்க்கிறேன் சேர்” என்று யாரிடம் விளங்கப்படுத்துவது? முதலில் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்போம் என்கிறாள் மருமகள். கடிதத்தைத் தட்டச்சு செய்தாயிற்று. பிரிண்ட் எடுக்கத்தான் கொமியூனிகேஷன் கடைக்குப் போக வேண்டும்.