மலைப்பாதையில் மிதிவண்டி: எந்த பிரேக் பேட் ஏற்றது?

திருப்பதி: திருமலையிலிருந்து வாகனங்கள் இறங்கும் பழைய மலைப்பாதை 1944ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த இதுபோன்ற நீண்ட இறக்கங்களில், மிதிவண்டியின் டிஸ்க் பிரேக்குக்கு வெப்பமே பெரும் சோதனையாகும்.

டிஸ்க் பிரேக் பேடுகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ரெசின் பேடுகள் அதிக ஓசையின்றி, தொடக்கத்திலேயே நன்கு பிடிக்கும், விலையும் குறைவு. ஆயினும், தொடர்ந்து சூடேறினால் அவற்றின் பிடிப்பு தளரும். மழையிலும் சேற்றிலும் விரைவில் தேயும். உலோகத் துகள்களால் ஆன சின்டர்டு பேடுகள் வெப்பத்தைத் தாங்கி நீண்ட நாள் உழைக்கும். ஆனால், ஓசை எழுப்பக்கூடும். எனவே, சித்தூர், திருப்பதி நகரச் சாலைகளில் மட்டும் ஓட்டுவோருக்கு ரெசின் போதுமானது. மலையிறங்குவோருக்குச் சின்டர்டு ஏற்றது.

வாங்கும் முன் டிஸ்க்கைக் கவனிப்பது அவசியம். அதில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தால், உலோக பேடுகளைத் தவிர்க்க வேண்டும். அவை டிஸ்க்கை விரைவில் தேய்த்துவிடும். பேடின் வடிவமும் காலிப்பருக்குப் பொருந்த வேண்டும் என்பதால், பழைய பேடுடன் ஒப்பிட்டு வாங்குவது நன்று.

உராய்வுப் பகுதி 0.5 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் பேடை மாற்றுமாறு ஷிமானோ நிறுவனம் அறிவுறுத்துகிறது. புதிய பேடைப் பொருத்தியதும், சமதளத்தில் பலமுறை வேகமெடுத்து, சீராக பிரேக் பிடித்துப் பழக்கிய பின்னரே மலையிறங்க வேண்டும்.