இத்தாலியம் கற்க வாழ்த்திலிருந்து தொடங்குவோம்

இத்தாலிய மொழியைக் கற்க வருபவர்கள் பெரும்பாலும் ரயில் நிலையம், ஹோட்டல், கடைத்தெரு ஆகியவற்றுக்கான சொற்களையே முதலில் தேடுகிறார்கள். விழாக்களுக்கும் ஆண்டு நிறைவுகளுக்கும் உரிய சொற்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஏனெனில் வாழ்த்துகளில் இலக்கணம், வழக்கம், வரலாறு மூன்றும் சேர்ந்தே கிடைக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு ‘புவோன் நத்தாலே’, ஈஸ்டருக்கு ‘புவோனா பாஸ்குவா’, பண்டிகைக் காலத்துக்குப் பொதுவாக ‘புவோனே ஃபெஸ்தே’ என்கிறார்கள். மூன்றிலும் முதற்சொல்லின் பொருள் ‘நல்ல’ என்பதுதான். நத்தாலே ஆண்பால், பாஸ்குவா பெண்பால், ஃபெஸ்தே பெண்பால் பன்மை. அதற்கேற்ப அடைமொழியின் ஈறு மாறுகிறது. தமிழில் ‘நல்ல’ எதன்முன் வந்தாலும் மாறுவதில்லை என்பதால் இந்த விதி நமக்குப் புதிது. அட்டவணையாகப் படித்தால் மறந்துபோகும் இவ்விதி, மூன்று வாழ்த்துகளைச் சொல்லிப் பழகினால் நாவில் நின்றுவிடும்.

வழக்கமும் இப்படித்தான் பிடிபடுகிறது. திருமண நாளுக்கு ‘புவோன் அன்னிவெர்சாரியோ’ என்று வாழ்த்துகிறார்கள். 25ஆம் ஆண்டின் வெள்ளி விழா ‘நொட்செ தர்ஜென்தோ’, 50ஆம் ஆண்டின் பொன்விழா ‘நொட்செ தோரோ’. விருந்தினருக்குத் தரும் சர்க்கரை பூசிய பாதாமின் பெயர் ‘கொன்ஃபெத்தி’. திருமணத்துக்கு அது வெள்ளை நிறம், பட்டம் பெற்ற விழாவுக்குச் சிவப்பு. திருமணத்தில் ஐந்து பாதாம் தருவது மரபு. உடல்நலம், செல்வம், மகிழ்ச்சி, மக்கட்பேறு, நீண்ட ஆயுள் ஆகியவற்றை அவை குறிக்கின்றன. நாட்டின் நினைவு நாள்களோ வரலாற்றைச் சொல்லித்தருகின்றன. ஏப்ரல் 25, நாஜி, பாசிசப் பிடியிலிருந்து 1945இல் விடுபட்டதன் நினைவு நாள். ஜூன் 2, 1946இல் மன்னராட்சியை விலக்கிக் குடியரசைத் தேர்ந்தெடுத்த நாள். அந்த வாக்கெடுப்பில் பெண்களும் வாக்களித்தார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாளுக்கு இத்தனை உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு நாளும் ஆண்டில் ஒருமுறைதான் வருகிறது. ஆனால் பிறந்தநாள், பெயர்கொண்ட புனிதரின் திருநாளான ‘ஒனோமாஸ்திக்கோ’, பட்டமளிப்பு, திருமணம், புத்தாண்டு என வாழ்த்தும் வேளைகள் அடுத்தடுத்து வந்துகொண்டேயிருக்கின்றன. ‘அவ்கூரி’ என்னும் ஒரே சொல் இவை எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. கைபேசியே மொழிபெயர்த்துவிடுமே என்பது அடுத்த கேள்வி. அது சொல்லைத் தரும். சொல்ல வேண்டிய வேளையைத் தானாகச் சொல்லாது. பிறந்தநாளுக்கு முன்பே வாழ்த்துவதை இத்தாலியர் பலர் அபசகுனமாகக் கருதுகிறார்கள். நல்லெண்ணத்தோடு முந்தைய நாள் அனுப்பிய வாழ்த்து, பெற்றவரைச் சங்கடப்படுத்தக்கூடும்.

கடையில் விலை கேட்கத் தெரிந்தால் பொருள் வாங்கிக்கொண்டு திரும்பலாம். ஒருவருடைய நல்ல நாளில் முறையாக வாழ்த்தத் தெரிந்தால்தான் அவர் வீட்டு மேசையில் நமக்கும் ஓர் இடம் கிடைக்கும். படிக்கவோ வேலைக்கோ இத்தாலிக்குப் புறப்படுபவர்கள் ஓர் ஆண்டு நாள்காட்டியை எடுத்து, ஒவ்வொரு விழாவுக்கும் நேரே அதற்குரிய வாழ்த்தை எழுதி, அந்தந்த நாளில் ஒருவரிடமாவது சொல்லிப் பழகுங்கள்.