நாயின் மூக்கில் ஏற்படும் சிறு காயங்களும் வீட்டுச் சிகிச்சையும்

பெரும்போக நெல் கதிர் தள்ளும் காலத்தில் காவற் கொட்டிலிலே கமக்காரருக்குத் துணையாயிருப்பது நாயேயாகும். காட்டுப்பன்றி வேலியண்டை வருவதை மனிதருக்கு முன்னரே அது மோப்பத்தால் அறிந்துவிடும். மரக்கறித் தோட்டத்தினுள் எலியின் வளையைக் கண்டுபிடிப்பதும் அதன் மூக்கே. எங்கும் மூக்கையே முதலில் நீட்டும் பிராணியாதலால், காயமும் பெரும்பாலும் அங்கேயே படுகின்றது. முள்ளுக்கம்பி, வேலி முள், பூனையின் நகம், எலியின் பல் என்பன வழக்கமான காரணங்களாகும்.

மூக்கு நுனியில் இரத்தக் குழாய்கள் மிகுதியாக உள்ளன. ஆகவே சிறு கீறலிலிருந்தும் இரத்தம் அதிகமாக வடியும். அதனைக் கண்டு கலங்கி, கையிற் கிடைத்ததை அள்ளிப் பூசுதல் தவறு. காயம் எதனால் உண்டானது என்பதை முதலில் அறிதல் வேண்டும். சிகிச்சை அதன் பின்னரே.

நாயைப் பிடிக்கும் முறை

சாதுவான நாயும் வேதனையிற் கடிக்கும். நாய்க்கு நன்கு பழகிய ஒருவர் அதன் கழுத்தையும் உடலையும் அணைத்துப் பிடிக்க, மற்றவர் காயத்தைக் கவனித்தல் நன்று. மூக்கிற் காயமுள்ள நாயின் வாயைக் கட்டுதல் கூடாது. மூக்கில் இரத்தம் அடைத்திருக்கும்போது அது வாயினாலேயே மூச்சுவிட வேண்டியிருக்கும். கைகளுக்குக் கையுறையோ துளையற்ற பொலித்தீன் பைகளோ அணிந்துகொள்ள வேண்டும்.

இரத்தத்தை நிறுத்துதல்

சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, காயத்தின் மீது 5 முதல் 10 நிமிடம் வரை மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். இடையிடையே துணியைத் தூக்கிப் பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் மீண்டும் வடியும். மூக்குத் துவாரங்களை அடைத்தலோ அவற்றினுள் பஞ்சைத் திணித்தலோ ஆகாது.

காயத்தைக் கழுவுதல்

கொதித்து ஆறிய அரை லீற்றர் நீரில் மட்டமான ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்ள வேண்டும். இந்நீரில் நனைத்த துணியால் மண்ணையும் அழுக்கையும் மெல்ல ஒற்றி எடுக்கலாம். நீர் மூக்கினுள் செல்லாதவாறு நாயின் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தல் அவசியம். நாளொன்றுக்கு இருமுறை, மூன்று நான்கு நாட்களுக்கு இவ்வாறு செய்தாற் போதும். பொருக்கை உரித்தல் கூடாது. மேலோட்டமான கீறல் ஒரு வாரமளவில் ஆறிவிடும். அதுவரை நாயைச் சேற்று வயலில் இறங்க விடாதிருத்தல் நன்று. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சற் கிருமி காயத்தின் வழியாக உட்புகக்கூடும்.

பூசத்தகாதவை

மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஒயில், சுண்ணாம்பு, கோப்பித்தூள், பினைல் என்பவற்றைக் காயத்திற் பூசுதல் கூடாது. நாய் தன் மூக்கை இடைவிடாது நக்குவதால் பூசியது யாவும் வயிற்றினுட் செல்லும். மனிதருக்கான பரசிற்றமோல் போன்ற வலி நிவாரண மாத்திரைகளும் நாய்க்கு நஞ்சாகலாம்.

மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டியவை

1. 15 நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம். ஆழமான அல்லது மூக்கைப் பிளந்த காயம்.

2. திடீரெனத் தொடர்ச்சியாகத் தும்மி, முன்காலால் மூக்கைத் தேய்த்து, ஒரு துவாரத்தில் மட்டும் இரத்தம் கசிதல். நெல்லின் கூரோ புல் விதையோ உள்ளே சிக்கியிருக்கலாம். குச்சியால் அதனை எடுக்க முயன்றால் இன்னும் ஆழமாகச் சென்றுவிடும்.

3. மூக்கும் முகமும் விரைவாக வீங்குதல். வரம்பிற் கிடந்த புடையனோ நாகமோ தீண்டியிருக்கக்கூடும். கடிவாயைக் கீறுதலும் இறுக்கிக் கட்டுதலும் தீமையே. நாயை நடக்கவிடாது தூக்கிச் செல்ல வேண்டும்.

4. வெளிக்காயமின்றி மூக்கிலிருந்து இரத்தம் வருதல். சிலவகை எலி மருந்துகள், அவற்றை உண்ட சில நாட்களின் பின்னர் இவ்வாறு இரத்தம் வடியச் செய்யும். உண்ணிகளாற் பரவும் காய்ச்சலும் காரணமாகலாம்.

5. புண்ணில் புழு, சீழ் அல்லது துர்நாற்றம் காணப்படுதல்.

விசர்நோய்பற்றிய எச்சரிக்கை

அறியாத நாய், கீரி, மரநாய் முதலியன கடித்த காயத்தைச் சிறு காயமென எண்ணுதல் கூடாது. கையுறை அணிந்து, மூக்கினுட் செல்லாதவாறு சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். முன்னர் தடுப்பூசி ஏற்றப்பட்ட நாயாயினும் இது அவசியம். வைத்தியர் கூறுங் காலம்வரை நாயைக் கட்டிவைத்து, சிறுவரை அதனிடம் விடாதிருத்தல் வேண்டும்.

சிகிச்சையின்போது நாய் கடித்தாலோ, அதன் உமிழ்நீர் கையிலுள்ள புண்ணிற் பட்டாலோ, அவ்விடத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விசர்நோயின் குறிகள் தோன்றிய பின்னர் உயிர் தப்புதல் மிக அரிது. காலத்தில் ஏற்றும் தடுப்பூசியோ உயிரைக் காக்கும்.

வயலையும் வீட்டையும் காக்கும் நாய்க்கு ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றுவித்தல் கமக்காரரின் கடமையாகும். அதனால் நாய் மட்டுமன்றி, அதனுடன் விளையாடும் வீட்டுப் பிள்ளைகளும் காக்கப்படுவர்.