9% சார்ஜும் ஒரு மோட்டார்வே இரவும்

இந்த வார எபிசோடில் பவர் பேங்க் பற்றிப் பேசினோம். நேரம் போதாமல் விட்டுப்போன கதை இது.

2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. ஆக்லாந்து ஆண்டுவிழா நீண்ட வார இறுதி ஆரம்பம். அன்று ஒரே நாளில் ஆல்பர்ட் பார்க்கில் சுமார் 280 மி.மீ. மழை. விமான நிலையத்துக்குள் தண்ணீர், எல்டன் ஜான் கச்சேரி கடைசி நேரத்தில் ரத்து. நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

நான் வடக்கு மோட்டார்வேயில், நகராத வரிசையில். பின் சீட்டில் ஆறு வயது மகள் தூக்கம். மேப், வீடியோ கால், அவளுக்குக் கார்ட்டூன் என்று ஓடிய போனில் மிச்சம் 9%. சார்ஜிங் கேபிள் வீட்டில். டேஷ்போர்டில் பவர் பேங்க் இருந்தது. கடைசியா எப்ப சார்ஜ் போட்டேன்னு ஞாபகமே இல்லை. அழுத்தினேன், ஒரு விளக்குகூட எரியவில்லை.

மவுண்ட் ராஸ்கில் வீட்டிலிருந்து மனைவி: "என்னங்க, தண்ணி வாசப்படிக்கு வந்துடுச்சு."

"மாடிக்குப் போயிடு. மெயினை ஆஃப் பண்ண ஈரத்துல நிக்காதே. அரை மணிக்கு ஒரு தடவைதான் போனை ஆன் பண்ணுவேன், மெசேஜ் மட்டும் போடு."

ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, செய்திக்கு கார் ரேடியோ, 101.4 எஃப்.எம். இரவு பத்து மணி வாக்கில் அவசரநிலை அறிவிப்பு. வீடு சேரும்போது மணி இரண்டு. போனில் 3%.

அதற்கப்புறம்தான் கணக்குப் போட்டேன். சாதாரண கார் பேட்டரி 12 வோல்ட், 50 ஆம்பியர் ஹவர்: 600 வாட் ஹவர். பாதிக்கு மேல் இறக்கினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அதனால் கையில் இருப்பது 300. போனை முழுசா ஏற்ற 20 போதும். ஆனால் ஹெட்லைட் ஹாலஜன் என்றால் இரண்டும் சேர்ந்து 110 வாட். மூன்று மணி நேரத்துக்குள் பேட்டரி காலி! ஆக, எதிரி போன் இல்லை, ஹெட்லைட்டும் ஏ.சி. ஃபேனும்தான். நின்றுவிட்டால் ஹசார்ட் லைட் போதும்.

10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் என்பது 37 வாட் ஹவர். மாற்று இழப்பு போக ஒன்றரை தடவை ஏறும். அதையும் வெயிலில் காரிலேயே போட்டு வைத்தால் ஆயுள் குறையும். பையில் வையுங்கள், மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். காரில் ஒரு கேபிளும் சாக்கெட் சார்ஜரும் நிரந்தரமாக இருக்கட்டும்.

எஞ்சினை ஓட்டி சார்ஜ் ஏற்றலாமா? சைலன்சர் வாய் தண்ணீரில் மூழ்கியிருந்தால் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வண்டியைச் சுற்றித் தண்ணீர் ஏறினால் சார்ஜை மறந்துவிட்டு மேட்டுக்குப் போங்கள்.

இரண்டே வாரத்தில் கேப்ரியல் புயல். ஹாக்ஸ் பே, கிஸ்போர்ன் பக்கம் கரண்ட் போய், ஃபைபர் அறுந்து, டவர் பேட்டரிகளும் தீர்ந்தன. போனில் 100% இருந்தும் சிக்னல் இல்லை. அங்கே ரேடியோதான் துணை. அதனால் வீட்டில் முன்கூட்டியே ஒன்றைப் பேசி வையுங்கள்: தொடர்பு அறுந்தால் எங்கே சந்திப்பது?

இதைப் படித்து முடித்ததும் உங்க பவர் பேங்கை ஒரு தடவை அழுத்திப் பாருங்க. எத்தனை விளக்கு எரிஞ்சுதுன்னு எழுதுங்க. அடுத்த வாரம் பேசுவோம்!