உங்களுக்குத் தெரியுமா? உப்பின்மேல் மிதக்கும் நன்னீர்

கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு. நடுவே ஆறு கிடையாது, வெறும் மணல். ஆனாலும் அந்த மணலைச் சில அடி தோண்டினால் குடிக்கத்தக்க தண்ணீர் ஊறுகிறது!

மாரி மழை மணலுக்குள் இறங்கி, பாரம் கூடிய உப்புநீரின்மேல் வில்லைபோல மிதப்பதுதான் சங்கதி. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நிற்கலாம் என்பது கைபென்-ஹெர்ஸ்பேர்க் கணக்கு. மணற்படை மெலிந்த இடத்தில் அவ்வளவு கிடைக்காது. கணக்குத் திரும்பியும் அடிக்கும்: மேலே ஒரு சாண் இறங்கினால் உப்பு நாற்பது சாண் ஏறும். வெங்காயப் பாத்திக்கு ஓயாமல் மோட்டர் ஓடினால் கிணறு உவர்ப்பது இதனால்தான். போதாக்குறைக்கு, பாத்தியில் போட்ட உரத்தின் நைத்திரேற்றும் அதே மணல் வழியே கிணற்றுக்கு வந்துவிடுகிறது.

களப்புக்கு வடக்கே வில்பத்துக் காட்டில் கதை வேறு. அங்கே மழைநீர் ‘வில்லு’ எனப்படும் ஆழமற்ற இயற்கைப் பள்ளங்களில் வெளிப்படையாகவே தேங்கும். மான் வந்து வாய்வைக்கும் கரை வெண்மணல். எல்லா வில்லும் நன்னீர் அல்ல. கடலிலிருந்து தள்ளி, காட்டுக்குள் கிடந்தும் சில உப்புக் கரிக்கின்றன.