கேள்விக்குத் தலையாட்டிய சாட்சிகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பழங்குடி மக்களிடம் ஒரு முக்கியமான விஷயம் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முகத்துக்கு நேரே கேட்பது வழக்கமில்லை. தனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிட்டுப் பேசாமல் காத்திருப்பார்கள். எதிரில் இருப்பவர் யோசிப்பார். நேரம் வந்தால் சொல்வார். அந்த இடைவெளியில் யாருக்கும் சங்கடம் கிடையாது.

இப்படி வளர்ந்தவரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தினால் என்ன ஆகும்? யோசிக்க எடுத்த நேரம் மழுப்பலாகத் தெரியும். மரியாதைக்காகத் தாழ்த்திய கண்கள் பொய் சொல்வதாகத் தெரியும். அதிகாரத்தில் இருப்பவர் விடாமல் துளைத்தால், எப்படியாவது இது முடியட்டும் என்று எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' வரும். கேள்வி புரியாவிட்டாலும் வரும். மொழியியலாளர் டயானா ஈட்ஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1992இல் வழக்கறிஞர்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார்.

1994 மே மாதம், பிரிஸ்பேன் கடைவீதிப் பக்கம் நின்ற மூன்று பழங்குடிச் சிறுவர்களை ஆறு போலீஸ்காரர்கள் நள்ளிரவுக்குப் பின் மூன்று கார்களில் ஏற்றிப்போய், பிங்கன்பா என்ற ஆளில்லாத தொழிற்பேட்டையில் இறக்கிவிட்டார்கள். வயது 12, 13, 14. அவர்கள்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. போலீஸ்காரர்கள்மீது வழக்கு வந்தது. சிறுவர்கள் விரும்பித்தான் காரில் ஏறினார்களா என்பதே அதன் உயிர்நாடி.

வழக்கை முழு விசாரணைக்கு அனுப்பலாமா என்று பார்க்கும் முதற்கட்ட விசாரணையில், 1995இல், சிறுவர்களிடம் குறுக்கு விசாரணை நடந்தது. ஏற வேண்டிய கட்டாயமில்லை என்று உனக்குத் தெரியும்தானே என்ற தோரணையில், பதிலையும் உள்ளே வைத்தே கேள்விகள் வந்தன, குரலும் உயர்ந்தது. பிள்ளைகள் 'ஆமாம்' என்றார்கள். இஷ்டப்பட்டே போனார்கள் என்று நீதிபதி முடிவுக்கு வந்தார். வழக்கு முழு விசாரணைக்கே போகாமல் தள்ளுபடியானது. நடுராத்திரியில் ஆறு போலீஸ்காரர் சூழ நிற்கையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எது இஷ்டம்!

நெஞ்சை அறுப்பது வேறொன்று. ஈட்ஸின் கையேடு அன்று போலீஸ் தரப்பு வழக்கறிஞர்களின் மேசைமேல் இருந்தது. சாட்சியைப் புரிந்துகொள்ள எழுதியதே அவரை மடக்கவும் வழிகாட்டியது.

வட ஆஸ்திரேலியாவில் நீதிபதி மில்ட்ரன் வேறு பாதை காட்டினார்: பழங்குடிச் சாட்சியின் மௌனத்தையும் 'ஆமாம்'களையும் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஜூரிக்கு நீதிபதியே விளக்குவது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கேட்பவர்களின் காதைத்தான் திருத்துகிறது, கேள்வியை அல்ல. பதிலைத் திணிக்கும் கேள்வி குழந்தைச் சாட்சியிடம் வரும்போதே 'இப்படிக் கேட்காதீர்கள்' என்று நிறுத்தும் அதிகாரம் நீதிபதியிடம்தான் இருக்கிறது.