தோட்டத்துக் கணக்கை யார் வாசிப்பது?

சமூகப் பொறுப்புள்ள வணிகம் என்ற பேச்சு இப்போது பல்கலைக்கழகங்களில் நன்றாக ஓடுகிறது. ஓர் ஆய்வாளர் வட்டம், ஓர் இதழ், ஆண்டுக்கொரு மாநாடு, மாநாட்டுக்கு ஒரு தோள்பை. மலேசியாவின் கெடாவில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. நிர்வாகப் படிப்புக்கென்றே 1984-இல் தொடங்கிய உத்தாரா மலேசியா பல்கலைக்கழகம் சிந்தோக்கில் இருக்கிறது. செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். பாலம் தாண்டினால் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். ஆனால் இவர்கள் தேடும் பாடம் பாடாங் மேஹா, பாடாங் செராய், குலிம் பக்கத்துத் தோட்டங்களில் அறுபது வருடங்களுக்கு மேலாகக் கிடக்கிறது.

ரப்பர்த் தோட்டங்களைக் கூறு போட்டு விற்ற துண்டாடல் காலத்தை இங்கே நீட்டி விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு கேட்டு வளர்ந்த கதை அது. அப்போது இரண்டு வேலைகள் நடந்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் சொல்லிக்கொடுத்த உங்கு அஜீஸ், 1951 முதல் 1960 வரை தோட்டங்கள் கூறு போடப்பட்டதை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்வெட்டுக்காரர்களிடம் பத்து வெள்ளி, பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்தார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது வாங்கிய முதல் தோட்டமும் நம் கெடாவில்தான், புக்கிட் சீடிம். ஒருவர் எண்ணிப் பார்த்து எழுதினார், இன்னொருவர் காசு சேர்த்து வாங்கினார். சமூக வணிகத்துக்கு இதைவிட நல்ல பாடநூல் எங்கே இருக்கிறது? உங்கு அஜீஸ் பிறகு நாட்டின் கூட்டுறவு இயக்கத்துக்கே தலைமை ஏற்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வங்காளதேசத்திலும் இப்படித்தான். சிட்டகாங் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் முகமது யூனுஸ், பக்கத்து ஜோப்ரா கிராமத்தில் சில்லறைக் கடன் கொடுத்துத்தான் கிராமீன் வங்கி வரை போனார். அதைப் பார்த்துவிட்டு 1986-இல் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலாங்கூரில் அதே முறையைச் சோதித்தார்கள். மறு வருடமே அது அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பு ஆனது. வகுப்பை விட்டு வெளியே போனவர்கள் சாதித்தது இது.

எல்லாவற்றுக்கும்தான் சான்றிதழ் வந்துவிட்டதே, 2020 முதல் செம்பனைத் தோட்டங்களுக்கு எம்எஸ்பிஓ சான்றிதழ் கட்டாயம், தணிக்கையாளர் தொழிலாளர் வீடு வரைக்கும் வந்து பார்க்கிறாரே என்பார்கள். வருகிறார். படிவத்தை நிரப்பிக்கொண்டு போகிறார்.

என் கவலை வேறு. கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வைத்திருப்பவருக்குக் கணக்கு வாசிக்கத் தெரியவில்லை. ஆண்டுக் கூட்டத்துக்குப் பேருந்து வரும், சாப்பாட்டுப் பொட்டலம் வரும், படிக்காசும் கிடைக்கும். எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள், சின்னதும் பெரியதுமாக நிறைய இருக்கின்றன. கையில் கொடுக்கும் தடித்த அறிக்கையில் அட்டைப்படத்தையும் லாப ஈவு எத்தனை விழுக்காடு என்பதையும் பார்த்துவிட்டு நாற்காலிக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் கூட்டுறவில் ஆயிரம் பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டுதான். அந்த ஓட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறோம்.

நம் ஆட்களுக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். மாதச் சீட்டுபோலக் கூட்டுப் பணம் பிடிக்கும் அக்கா, பன்னிரண்டு பேர் கணக்கை மனத்திலேயே வைத்திருப்பார். யார் எந்த மாதம் எடுத்தார், யார் மகள் கல்யாணத்துக்காக முறை மாற்றிக்கொண்டார், எல்லாம் தெரியும். (கூட்டுக்கு 1971-இலேயே சட்டம் தடை போட்டுவிட்டது. அது கிடக்கட்டும்.) அந்த அக்காவிடம் இருப்புநிலைக் குறிப்பைத் தமிழில் விளக்க ஓர் ஆள் போனதுண்டா?

வாரிசுச் சிக்கல் இன்னொன்று. தாத்தா பேரில் பங்கு இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சான்றிதழ் பிஸ்கட் தகரத்தில், பழைய சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும். அட்டையில் முனியாண்டி, சான்றிதழில் முனியண்டி, மரணப் பத்திரத்தில் முனியான். எழுத்தரான கிராணி காதில் விழுந்தபடி எழுதியது. தாத்தா வாரிசாக யாரையும் நியமித்திருக்க மாட்டார். பேரன் குலிம் தொழிற்பூங்காவில் மூன்று ஷிப்ட் வேலை பார்ப்பவன், இரண்டு முறை அலுவலகத்துக்கு அலைவான், மூன்றாம் முறை விட்டுவிடுவான். தோட்டத்தை வாங்கிய தலைமுறையின் சொத்து இப்படித்தான் கைநழுவுகிறது.

ஆய்வாளர் வட்டம் அமைப்பவர்கள் முதல் கூட்டத்தை ஹோட்டலில் வைக்காமல் பாடாங் மேஹா பக்கம் ஏதாவது ஒரு கோயில் மண்டபத்தில் வைக்கட்டும். நாலு மாணவர்கள், ஓர் ஆண்டறிக்கை, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போதும். செம்பனை விலை ஏறியதால் வந்த லாபம் எது, நிலத்தை விற்றதால் வந்தது எது என்று அந்த அக்காவுக்குப் பிரித்துக் காட்டட்டும். 1996-இல் தொழிற்பூங்கா திறந்ததிலிருந்து இந்தப் பக்கம் நிலத்துக்கு இருக்கும் மவுசு அவருக்கே தெரியும். நிலம் விற்ற காசில் ஒரு வருடம் ஈவு கொடுத்தால் அடுத்த வருடம் எதை விற்பீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்து அவரே கேட்டுக்கொள்வார்.